கருங்காலியும் கற்குவியலும்: மொரீஷியஸ் தீவின் சூழல் வரலாறு

ஒரு நாட்டின் அரசுச் சின்னத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. ஆவணங்களின் தலைப்பிலும் அலுவலகச் சுவர்களிலும் அன்றாடம் கண்ணில் பட்டுப் பட்டே அது பார்வையிலிருந்து மறைந்துபோகிறது. மொரீஷியஸ் நாட்டின் சின்னமோ பொறுமையாக வாசிக்கத் தக்க ஒன்று. நடுவில் நான்காகப் பகுத்த கேடயம். அதனுள் ஒரு கப்பல், மூன்று பனையின மரங்கள், ஒரு சாவி, ஒரு விண்மீன். கேடயத்தை ஒருபுறம் டோடோ பறவையும் மறுபுறம் கடமானும் தாங்கி நிற்கின்றன. இரண்டின் அருகிலும் கரும்பு நிற்கிறது. அடியில், இந்தியப் பெருங்கடலின் விண்மீனும் திறவுகோலும் இத்தீவே என்று பொருள்படும் லத்தீன் வாசகம். பிரிட்டிஷ் ஆட்சியில் 1906இல் வழங்கப்பட்ட சின்னம் இது. 1968இல் விடுதலை அடைந்தபோதும், 1992இல் குடியரசானபோதும் நாடு இதைத் துறக்கவில்லை.

இந்தச் சின்னத்திலுள்ள மூன்று உயிர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். டோடோ இன்று உலகில் எங்கும் இல்லை. கடமான் இத்தீவின் விலங்கே அன்று. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. கரும்பும் அவ்வாறே, அதே ஆண்டில், அதே ஜாவாவிலிருந்து, அதே கைகளால் வந்தது. ஆக, மூன்றில் ஒன்று மனிதரால் அழிந்தது. இரண்டு மனிதரால் குடியேறியவை. சின்னத்தை வரைந்தவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, தீவின் சூழல் வரலாறு அதில் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது.

எனினும் இரண்டு செய்திகள் அதில் விடுபட்டுள்ளன. ஒன்று, தீவை மூடியிருந்த கருங்காலிக் காடு. மற்றொன்று, அந்தக் காடு இருந்த இடத்தைக் கரும்பு வயலாக்கிய மனிதரின் கை. காட்டின் வரலாற்றை இயற்கை ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். கூலிகளின் வரலாற்றைப் புலம்பெயர்வு ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். இரண்டும் தனித்தனி அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாசிக்காமல் இத்தீவின் ஒரு வயலைக்கூட நம்மால் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

*

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், நடுக்கடலில் எரிமலை எழுப்பிய நிலம் மொரீஷியஸ். வயது சுமார் 80 லட்சம் ஆண்டுகள். ரியூனியன், ரோட்ரிக்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து மஸ்கரீன் தீவுக் கூட்டம் என்று பெயர் பெற்றது. முதன்மைத் தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். கரையிலிருந்து நிலம் மெல்ல உயர்ந்து நடுவில் ஒரு மேட்டுச் சமவெளியாகிறது. அதைச் சுற்றி, பழைய எரிமலையின் உடைந்த விளிம்புகள் கூர்மையான மலைகளாக நிற்கின்றன. மிக உயர்ந்த சிகரமும் 828 மீட்டர்தான். ஆனால் கடலிலிருந்து பார்ப்பவருக்கு அவை பெருமலைகளாகவே தோன்றும்.

தென்கிழக்கிலிருந்து ஓயாது வீசும் வணிகக் காற்று இந்த மேட்டில் மோதி மழையாகிறது. நடு மேட்டின் சில பகுதிகளில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை பெய்கையில், மறுபுறத்து மேற்குக் கரையில் 1,000 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் மழைக்காட்டிலிருந்து வறண்ட கரைக்கு இறங்கிவிடலாம். தீவைப் பவளத்திட்டு ஏறக்குறைய முழுமையாகச் சூழ்ந்திருக்கிறது. ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் நன்னீர் பவளத்தை வளரவிடாததால் திட்டில் இடைவெளிகள் விழுந்தன. கப்பல்கள் அவ்வழியே உள்ளே வந்தன. மழை ஆறாகி, ஆறு துறைமுகமாகி, துறைமுகம் வரலாற்றை உள்ளே அழைத்தது எனலாம்.

மனிதர் வருவதற்கு முன் இங்கே வௌவால்களைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டிகள் இல்லை. எலி இல்லை, பூனை இல்லை, குரங்கு இல்லை, பன்றி இல்லை. தரையில் மேய்ந்தவை பெரும் ஆமைகள். பழங்களை உண்டு விதைகளைப் பரப்பியவை அந்த ஆமைகளும் பழந்தின்னி வௌவால்களும் பறவைகளும். பகை என்பதையே அறியாத பறவைகளில் சில, பறப்பதையும் கைவிட்டன. புறாவினத்தில் தோன்றி, பருத்து, தரையிலேயே வாழப் பழகிய டோடோ அவற்றுள் ஒன்று. டோடோவை முட்டாள் பறவை என்று உலகம் பின்னாளில் எள்ளியது. அஞ்ச வேண்டிய எதுவும் இல்லாத இடத்தில் அஞ்சாமல் இருந்தது முட்டாள்தனமாகாது.

*

அரபு மாலுமிகள் இத்தீவை அறிந்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து தண்ணீர் பிடித்துச் சென்றார்கள். எவரும் தங்கவில்லை. 1598இல் டச்சுக் கப்பல்கள் தென்கிழக்குத் துறையில் நங்கூரமிட்டு, தம் இளவரசர் மௌரிட்ஸின் பெயரைத் தீவுக்கு இட்டன. 1638இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே குடியேற்றத்தை நிறுவியதற்கு முதன்மையான காரணம் கருங்காலி. நெஞ்சு கறுத்து, இரும்புபோல் கனத்து, மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும் அந்த மரத்துக்கு ஐரோப்பியச் சந்தையில் நல்ல விலை இருந்தது. கரையோரக் காடுகள் முதலில் வெட்டுண்டன.

மரம் வெட்ட வந்தவர்களோடு வந்தவை அதிக அழிவைச் செய்தன. கப்பல் எலிகள் கரையேறின. பன்றிகளும் ஆடுகளும் அவிழ்த்து விடப்பட்டன. குரங்குகள் பெருகின. தரையில் இடப்பட்ட முட்டைக்கு இவை அனைத்தும் எமன். டோடோவை மாலுமிகள் தின்று தீர்த்தார்கள் என்பது நாம் பள்ளியில் கேட்ட கதை. அதன் இறைச்சியை அவர்கள் அவ்வளவாக விரும்பவில்லை என்று டச்சுக் குறிப்புகளே சொல்கின்றன. முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்ற விலங்குகளும், குறைந்துகொண்டே வந்த காடும்தான் அந்த இனத்தை முடித்தன. உறுதியாகச் சொல்லத்தக்க கடைசிப் பதிவு 1662இல். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இல்லாமற்போயிற்று. 1865இல் தென்கிழக்கிலுள்ள மார் ஓ சாங் என்னும் சதுப்பு நிலத்தில் அதன் எலும்புகள் குவியலாகக் கிடைக்கும் வரை, அப்படியொரு பறவை இருந்ததையே ஐயுற்றவர்கள் உண்டு.

தாம் கொண்டுவந்த எலிகளே தம் பயிரையும் தின்ன, புயல்களும் வறட்சியும் வாட்ட, 1710இல் டச்சுக்காரர்கள் தீவைக் கைவிட்டுப் போனார்கள். எலிகளும் மான்களும் குரங்குகளும் தங்கிவிட்டன.

*

1715இல் பிரெஞ்சுக்காரர் தீவைத் தமதாக்கி 'பிரான்சுத் தீவு' என்று பெயரிட்டனர். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே, போர்ட் லூயி துறைமுகத்தையும் நகரத்தையும் கட்டியெழுப்பினார். அதற்கான கொத்தர்களும் தச்சர்களும் புதுச்சேரியிலிருந்து வந்தார்கள். மொரீஷியஸில் தமிழரின் வரலாறு தொடங்குவது கரும்பு வயலில் என்றே பலர் எண்ணுகிறோம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, கல் செதுக்கும் உளியோடும் மரம் இழைக்கும் இழைப்புளியோடும் அது தொடங்கிவிட்டது. இத்தீவில் ஆயத்தமான கப்பற்படையோடு வந்து 1746இல் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியவரும் இதே லபூர்தொனேதான். அந்த நாட்களின் பரபரப்பை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வாசித்தவர்கள் அறிவார்கள்.

வீட்டுக்கு மரம், கப்பலுக்கு மரம், சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு. துறைமுகம் வளர வளரக் காடு மேட்டை நோக்கிப் பின்வாங்கியது. மரம் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகள். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இருந்தனர்.

இந்தச் சூழலில்தான் 1767இல் பியேர் புவாவ்ர் நிர்வாகியாக வந்தார். குடும்பப் பெயருக்கே பிரெஞ்சு மொழியில் மிளகு என்று பொருள். வாழ்நாள் கனவும் வாசனைப் பொருள்கள்தான். டச்சுக்காரர் காவல் காத்த மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்பு நாற்றுகளை 1770இல் வருவித்துப் பாம்பிள்மூஸ் தோட்டத்தில் நட்டவர் அவர். ஆனால் அவருடைய பெரிய செயல் வேறொன்று. காடு அழிந்தால் மழை குறையும், ஓடைகள் வற்றும், மேல்மண் கடலுக்குப் போகும் என்று அவர் உறுதியாக நம்பினார். சின்னஞ்சிறு தீவில் இது கண்முன்னே நடந்தது. ஒரு தலைமுறைக்குள் ஓடை வற்றுவதைக் காண முடிந்தது. ஒரு பெருங்கண்டத்தில் இதை உணர நூறாண்டுகள் ஆகியிருக்கும்.

1769இல் அவர் கொண்டுவந்த சட்டம், நிலம் பெற்றவர்கள் அதில் நான்கில் ஒரு பங்கைக் காடாகவே வைத்திருக்க வேண்டும் என்றது. மலைச்சரிவுகளைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. வெட்டவெளியான இடங்களில் மீண்டும் மரம் நடச் சொன்னது. நீர்நிலைகளிலிருந்து 200 கெஜத்துக்குள் இருந்த காடுகளுக்குக் காப்பளித்தது. ஓர் அரசு தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு காட்டைக் காக்க முற்பட்ட மிகத் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று இது. வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் குரோவ் 1995இல் வெளியிட்ட 'பசுமை ஏகாதிபத்தியம்' என்னும் நூலில், இன்றைய சூழல் பாதுகாப்புச் சிந்தனையின் வேர்களை ஐரோப்பிய நகரங்களில் தேடாமல் இத்தகைய குடியேற்றத் தீவுகளில் தேடினார். மொரீஷியஸ் அதில் ஓர் முதன்மைச் சான்று.

இங்கேதான் ஒரு நெருடல். மரத்தின் உயிருக்கும் மழைக்கும் உள்ள உறவை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த அதே ஆட்சி, அடிமைமுறையின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதைக் கண்டு எழுதியவரும் ஒருவர் இருந்தார். 1768 முதல் 1770 வரை இங்கே பொறியாளராகப் பணிபுரிந்த பெர்னார்தன் தெ சேன்பியேர், 1773இல் வெளியிட்ட பயண நூலில் தீவின் மரஞ்செடிகளையும் அடிமைகள் பட்ட கொடுமைகளையும் சேர்த்தே பதிவுசெய்தார். 1788இல் வந்த 'பால் - விர்ஜினி' நாவலால் உலகப் புகழ் பெற்றவர் அவர். அதன் களமும் இத்தீவுதான். ஆனால் உலகம் அவருடைய காதல் கதையை நினைவில் வைத்துக்கொண்டு பயண நூலை மறந்துவிட்டது.

அடிமைகளுக்கும் காடு வேண்டியிருந்தது, வேறொரு காரணத்துக்காக. தப்பியோடியவர்களின் ஒரே புகலிடம் அது. தென்மேற்கு முனையில் கடலோரம் செங்குத்தாக எழும் ல மோர்ன் மலை, அப்படி ஒளிந்து வாழ்ந்தவர்களின் நினைவிடமாக 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. நிர்வாகியின் ஏட்டில் காடு என்பது மழை. ஓடியவனுக்கு அது உயிர்.

*

1810இல் பிரிட்டிஷார் தீவைக் கைப்பற்றினர். 1825இல் ஒரு வரி மாற்றம் நிகழ்ந்தது. மொரீஷியஸ் சர்க்கரை பிரிட்டனுக்குள் நுழைய, மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு உரிய அதே குறைந்த தீர்வை போதும் என்றானது. லண்டனில் இடப்பட்ட அந்தக் கையெழுத்து, டச்சுக்காரரின் கோடரிகள் எல்லாம் சேர்ந்து செய்ததைவிட அதிகமான காட்டை அழித்தது.

கரும்பு வென்றதற்கு நிலவியலும் ஒரு காரணம். இது புயல் தீவு. 1892ஆம் ஆண்டுப் புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1960இல் வீசிய கரோல் புயல் பல்லாயிரம் வீடுகளைத் தரைமட்டமாக்கியது. காப்பியும் கிராம்பும் புயலில் வேரோடு சாய்ந்தால் மறுபடி காய்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். கரும்பு வளைந்து படுக்கும். காற்று ஓய்ந்ததும் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். முறிந்தாலும் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும்.

1835இல் அடிமைமுறை ஒழிந்தது. வயல்களோ விரிந்துகொண்டிருந்தன. முந்தைய ஆண்டே, 1834 நவம்பர் 2 அன்று, அட்லஸ் என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயி சேர்ந்திருந்தது. பின்னர் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 1834க்கும் 1920க்கும் இடையில் வந்தவர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்கள் ஏறிவந்த கற்படிகள் இன்றும் போர்ட் லூயியின் ஆப்ரவாசி காட் என்னும் இடத்தில் இருக்கின்றன. 2006 முதல் அதுவும் உலக மரபுச் சின்னம்.

எரிமலை நிலத்தில் மரத்தை வெட்டியதும் வயல் கிடைத்துவிடாது. மண் எங்கும் கரும்பாறைகள். அவற்றைத் தோண்டி, புரட்டி, தலையிலும் தோளிலும் சுமந்து ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பெருங்கற்களை வெளிச்சுவராக அடுக்கி, சிறுகற்களை உள்ளே கொட்டி, வயலின் நடுவே படிப்படியாக உயரும் குன்றுகளாக்கினார்கள். முதலில் அடிமைகளும் பிறகு ஒப்பந்தக் கூலிகளும் இந்த வேலையைச் செய்தனர். மொரீஷியஸின் கல்லைப் புரட்டினால் அடியில் பொன் கிடைக்கும் என்று ஆள்பிடிப்பவர்கள் ஊரில் சொன்னதாக ஒரு கதை அங்கே தலைமுறை தலைமுறையாக வழங்குகிறது. கல்லைப் புரட்டியது மட்டும் உண்மையாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரங்கள் வந்து பல குவியல்களை அகற்றின. எஞ்சியவை இன்றும் கரும்புக்கு நடுவே கறுத்து நிற்கின்றன. பச்சைக் கரும்பும் கரிய கற்கோபுரமும் பின்னணியில் நீலமலையும் சுற்றுலாப் படங்களில் இயற்கையழகு என்று விற்பனையாகின்றன. அந்தக் காட்சியில் மலையைத் தவிர வேறெதுவும் இயற்கை இல்லை. அங்கே பதிந்திருப்பது முதுகெலும்பின் வரலாறு.

*

காட்டை இழந்த தீவு அதற்கான விலையைக் காய்ச்சலாகச் செலுத்தியது. 1860களின் நடுப்பகுதி வரை மொரீஷியஸில் மலேரியா இல்லை. 1866 முதல் 1868 வரை அது கொள்ளைநோயாகப் பரவிப் பல்லாயிரம் பேரைக் கொன்றது. நெருக்கமான கூலிக் குடியிருப்புகளிலும் போர்ட் லூயியிலும் சாவு மிகுதி. வசதி படைத்தவர்கள் புதிதாகப் போடப்பட்ட ரயில் பாதை வழியே குளிர்ந்த நடு மேட்டுக்கு, கியூர்பீப் போன்ற ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். தீவின் இன்றைய நகரங்கள் நடு மேட்டில் வரிசையாக அமைந்திருப்பதற்கு அந்தக் காய்ச்சலும் ஒரு காரணம்.

காடழிந்ததால் காற்று கெட்டது, காற்று கெட்டதால் காய்ச்சல் வந்தது என்று அன்று பலர் நம்பினர். கொசு பரப்பும் நோய் அது என்பதை செகந்திராபாத்தில் 1897இல் நிறுவிய ரொனால்டு ராஸ், 1907இல் இத்தீவுக்கே வந்து ஆய்வு செய்தார். பழைய விளக்கம் பிழையானது. ஆனால் அந்தப் பிழையான விளக்கத்தால் சில மலைக்காடுகளும் ஓடைக்கரைக் காடுகளும் காப்புப் பெற்றன. அதேபோல் சரியான விளக்கமும் ஒரு தீங்கைக் கூட்டிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கொசுவை ஒழிக்கத் தெளிக்கப்பட்ட டி.டி.ட்டி, உணவுச் சங்கிலியில் ஏறி மொரீஷியஸ் வல்லூறைத் தாக்கியது. காட்டை முன்பே இழந்திருந்த அந்தப் பறவை, 1974இல் இயற்கைச் சூழலில் நான்கே நான்காகச் சுருங்கியது. மனிதரின் உயிரைக் காத்த மருந்தைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. கணக்கை மறைக்கவும் கூடாது.

நான்கு பறவைகளிலிருந்து வல்லூறு மீண்டது. முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இளஞ்சிவப்புப் புறாவும் பச்சைக் கிளியும் இவ்வாறே விளிம்பிலிருந்து திரும்பின. 2022இல் வல்லூறு தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. டோடோவைச் சின்னத்தில் வைத்திருக்கும் நாடு உயிரோடு இருக்கும் ஒரு பறவையைத் தேர்ந்துகொண்டது ஒரு திருப்பம்தான். ஆனால் நல்ல நிலையிலுள்ள பூர்விகக் காடு தீவில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் சீனக் கொய்யாப் புதர் மண்டுகிறது. மான்கள் நாற்றை மேய்கின்றன. வேலியிட்டு, களைகளைக் கையால் பிடுங்கித்தான் காட்டைக் காக்க வேண்டியுள்ளது. காட்டின் விதைகளைப் பரப்பும் பழந்தின்னி வௌவால்களோ, மாம்பழத்தையும் லிச்சியையும் தின்கின்றன என்ற புகாரின்பேரில் 2015 முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டன. அந்த இரண்டு பழங்களும் வெளியிலிருந்து வந்தவை, வௌவால் தீவுக்குரியது.

காத்ர் போர்ன் நகரை ஒட்டி எழும் கோர் தெ கார்த் மலை, அரிய செடிகள் எஞ்சியுள்ள ஓர் இயற்கைக் காப்பகம். அதே மலைச்சரிவில் தமிழர்கள் எழுப்பிய முருகன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிகள் ஏறும் படிகளுக்கு மேலே, வேறெங்கும் இல்லாத மரங்கள் நிற்கின்றன. குன்று கண்டவிடத்தில் குமரனை வைத்தவர்கள், எதைக் காக்கிறோம் என்று அறியாமலே ஒரு காட்டுக்கு அண்டைவீட்டார் ஆனார்கள்.

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளத்திட்டில் மோதியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்து, ஏறத்தாழ 1,000 டன் அந்த நீலக் காயலில் பரவியது. எதிரே இருந்த சிறிய எக்ரெத் தீவு, பழைய கரையோரக் காட்டின் எச்சத்தைக் கொண்ட காப்பகம். அதன் நாற்றுகளையும் சில உயிரினங்களையும் அவசரமாக அகற்ற வேண்டியிருந்தது. அப்போது மக்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. வயல்களிலிருந்து கரும்புச் சோகையை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, துணியில் திணித்துத் தைத்து, நீண்ட மிதவைகளாக்கிக் கடலில் இட்டு எண்ணெயை மறித்தார்கள்.

எந்தப் பயிருக்காகத் தீவு தன் காட்டை இழந்ததோ, அந்தப் பயிரின் காய்ந்த இலையைக் கொண்டு, எஞ்சிய காட்டைக் காக்கக் கடற்கரையில் நின்றவர்களில் அடிமைகளின் வழிவந்தோரும் கூலிகளின் வழிவந்தோரும் இருந்தனர். காட்டை அழித்த வேலையும் கல்லைச் சுமந்த வேலையும் அவர்களுடைய முன்னோர்மீது சுமத்தப்பட்டவை. இந்த வேலை அவர்களே தேர்ந்துகொண்டது. சின்னத்தில் விடுபட்ட கை எது என்று எவரேனும் கேட்டால், அந்த மிதவையைத் தைத்த கையைக் காட்டலாம்.